பொயின்ட் மூடி நின்ற நாட்கள்

கிராண்ட்பாஸ் மரக்காலையில் ஒரு பெர்குசன்.
பெற்றோல் எஞ்சின்,
என்னைவிட ஒன்பது வயது மூப்பு.
காலையில் ஒரே திருகலில் எழும்பும்.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால்
எழும்பாது.
ஈரச்சாக்கைக் கொயிலில் போர்த்தி
அரை மணித்தியாலம் விட்டால்
ஒன்றும் நடவாததுபோல் உறுமும்.

எல்லா நாளும் அப்படி இல்லை.
செவ்வாய் நின்றது. புதன் ஓடியது.
வியாழனும் வெள்ளியும் ஓடியது,
சனி நின்றது.
முதலாளி பஞ்சாங்கம் பார்க்கச் சொன்னார்.
பகிடிக்கு இல்லை.

கொண்டென்சரை மாற்றினேன்.
பொயின்ட்டை அரம் போட்டுத் துடைத்து
தகடு நுழைத்து இடைவெளி வைத்தேன்.
பிளக் நாலும் புதிது.
தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்குமோ என்று
தையல் ஊசியால் குத்தினேன்.
பஞ்சிகாவத்தையில் கொயில் வாங்கினேன்.
பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.
மூன்றாவதைத் தரும்போது கடைக்கார நானா,
"தங்கச்சி, இதுகளைச் சுட்டுத் தின்னுறீங்களோ?"

முதலாவது, கிழண்டிச் செத்தது.
அதற்குப் பிறகு போட்டது
அடியால் எண்ணெய் கக்கியது.
அதில் விரல் வைத்தேன்;
இன்னும் அந்த விரலில் ரேகை மங்கல்.

மீட்டர் பிடித்தேன். மூன்று ஓம். சரி.
பெற்றறி பன்னிரண்டரை. சரி.
எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டே
படுத்துவிடுகிற வண்டியை
என்னவென்று திட்டுவது?

ஒரு நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை.
பலகை அடுக்கில் ஏறி உட்கார்ந்து
சும்மா பார்த்தேன்.

ஓட்டுகிறவர் துவான் பஹார்.
மரக்குற்றிக்கும் "கொஞ்சம் ஒதுங்கு" என்று
சொல்லிவிட்டுத்தான் தள்ளுவார்.
பத்தரைக்கு எஞ்சினை நிறுத்தினார்.
இறங்கினார். நாலடி நடந்தார்.
திரும்பி வந்து
திறப்பை மறுபடி ஒரு சொடுக்குத் திருப்பினார்.

விர்ர் என்று ஒரு சின்னச் சத்தம்.

கொயிலின் கழுத்தோடு கம்பியால் கட்டிய விசிறி.
உள்ளங்கை அகலம்,
ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றில் கிடந்தது.
நான் காணாததா?
இரண்டு தரம் அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான்
கொயில் மாற்றினேன்.

"பாவம், கொதிக்குது" என்றார்.
"நாங்க தேத்தண்ணி குடிக்கிற நேரம்
அதுக்கும் கொஞ்சம் காத்து."

திறப்பு திறந்திருக்க, எஞ்சின் நின்றிருக்க,
உள்ளே பொயின்ட் மூடியபடி நின்றுவிட்டால்
மின்சாரம் கொயிலுக்குள் போனபடியே இருக்கும்.
பொறி இல்லை, வேலை இல்லை,
வெறும் சூடு.
திறந்தபடி நின்றால் ஒன்றுமில்லை.
எங்கே நிற்போம் என்று
சுழலும்போது எஞ்சினுக்கே தெரியாது.
செவ்வாய் மூடி நின்றது,
புதன் திறந்து நின்றது.
பஞ்சாங்கம் அவ்வளவுதான்.

இதை நான் வாயால் சொல்லவில்லை.
கப்பியைக் கையால் சுற்றிப் பொயின்ட்டை மூடினேன்.
விசிறி ஓடட்டும் என்று விட்டேன்.
இரண்டு பேரும் ஒரு பிளேன்டீ குடித்தோம்,
அவர் சீனி கூட.
"இப்ப கையை வையுங்க."

வைத்தார். இழுத்துக்கொண்டார்.
கொயிலைப் பார்க்கவில்லை,
விசிறியைப் பார்த்தார்.
அது மும்முரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப நான்தானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
மூன்று கொயிலுக்கும் நான் போட்ட பில்
நினைவில் வந்தது.
"நாங்கள்" என்றேன்.

பெற்றறியிலிருந்து நேராய் ஒரு வயர் இழுத்து
விசிறிக்குத் தனி சுவிட்ச் வைத்தேன்,
ஒரு பழைய மேசைலாம்பினது.
அது இனித் தேவையில்லை.
தெரிந்துதான் வைத்தேன்.
அவரும் தெரிந்துதான் போடுகிறார்,
தினமும் பத்தரைக்கு.

என்ன பிழை என்று முதலாளி கேட்டார்.
வயரிங், என்று எழுதினேன்.
கூலி என்ற இடத்தில்
ஒரு கோடு.